ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள்... இதயம் தாங்குமா?

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பிப்ரவரி மாலை. கிளினிக்கில் கூட்டம் கலைகிற நேரம். மாதா மாதம் பி.பி. பார்த்துக்கொள்ள வரும் நண்பர் ஒருவர் மனைவியோடு உள்ளே வந்தார். வயது 58. வங்கி அதிகாரி. உட்கார்ந்ததும் கையை நீட்டாமல் செல்போனை நீட்டினார்.

"டாக்டர், இதைப் பாருங்களேன்!"

படத்தில் ஒரு மலை. அதன் மேல், கோலம் போடுகிறவர் மாவு தீராமல் இழுத்துக்கொண்டே போன மாதிரி, வளைந்து வளைந்து ஏறும் ஒரு ரோடு.

"ஸ்டெல்வியோ கணவாய். மொத்தம் 48 கொண்டை ஊசி வளைவு. பையன் மியூனிக்ல இருக்கான் இல்லையா... ஜூன்ல வாங்கப்பா, சைக்கிள்ல ஏறலாம்னு கூப்பிடறான். காலேஜ் நாள்ல தினம் 12 கிலோமீட்டர் மிதிச்சவன் நான். என்ன சொல்றீங்க?"

நான் சொல்வதற்குள் அவர் மனைவி சொன்னார். "மலை இருக்கட்டும் டாக்டர். மாடிப்படி ஏறறப்பவே பாதியில நின்னு நெஞ்சைத் தடவிக்கறார். கேட்டா வாயுங்கறார்."

"வாயுதான். ரெண்டு நிமிஷம் நின்னா போயிடுது. நீ சும்மா இரு!"

ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அவருடைய கேள்விக்குப் பதில். ஏனென்றால் இப்போது இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மகனோ மகளோ ஜெர்மனியில், ஆஸ்திரியாவில், சுவிட்சர்லாந்தில். கோடையில் மூன்று மாதம் அப்பா, அம்மா அங்கே. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த ஊரே சைக்கிளில் கிளம்புகிறது. வீட்டில் உட்கார்ந்திருக்க யாருக்கு மனசு வரும்? நானும் என் மனைவியும் இரண்டு முறை போய் ஓட்டிவிட்டு வந்தவர்கள். ஆகையால் போகாதே என்று சொல்கிற கட்டுரை இல்லை இது!

பக்கத்துப் பக்கத்தில் மூன்று பாதை

பிரான்ஸின் தென் கடற்கரையில் தொடங்கி ஸ்லோவேனியா வரை சுமார் 1,200 கி.மீ. நீளத்துக்கு வில்லாக வளைந்து கிடப்பது ஆல்ப்ஸ். சைக்கிள்காரருக்கு அதில் மூன்று வகைப் பாதை. ஆற்றை ஒட்டிப் பள்ளத்தாக்கில் போவது ஒன்று. மலை தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் குன்றுகளில் ஏறி இறங்கிப் போவது இன்னொன்று. கணவாய் மேல் ஏறுவது மூன்றாவது. மேப்பில் பார்த்தால் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆனால் இதயத்துக்கு மூன்றும் வெவ்வேறு பரீட்சை.

எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே ரோட்டோரப் பலகையில் சதவீதம் போட்டிருப்பார்கள். 100 மீட்டர் தூரம் போவதற்குள் 8 மீட்டர் உயரம் ஏறினால் அது 8 சதவீதம். கேட்க ரொம்பச் சின்ன எண்ணாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். 2 சதவீதத்தில் பேசிக்கொண்டே போகலாம். 5-ல் பேச்சு குறையும். 8-ஐத் தாண்டினால் பழக்கமில்லாதவருக்கு மூச்சு மட்டும்தான் மிஞ்சும்!

நான் சிபாரிசு செய்யும் பள்ளத்தாக்கு

இத்தாலியின் வட கோடியில், தென் திரோல் பகுதியில் டோப்லாக் என்று ஓர் ஊர். இத்தாலிய மொழியில் தொப்பியாக்கோ. அங்கே எந்தப் பலகையிலும் இரண்டு பெயரும் இருக்கும். உயரம் சுமார் 1,240 மீட்டர். இந்த ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு பக்கம் விழுகிற மழை ரியென்ஸ் ஆற்றில் சேர்ந்து கடைசியில் அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. மறு பக்கம் விழுவது திராவ் நதியாகி, டான்யூபில் கலந்து, கருங்கடலுக்குப் போகிறது. 

அந்த திராவ் நதியோடுதான் நம் சைக்கிள் பாதை. ஆஸ்திரியாவில் உள்ள லியென்ஸ் ஊர் வரை சுமார் 45 கி.மீ. லியென்ஸின் உயரம் 670 மீட்டர் சொச்சம். ஆக, 45 கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 570 மீட்டர் இறக்கம். சராசரியாக ஒன்றேகால் சதவீதம். நதி போகிற போக்கில் நாமும் போக வேண்டியதுதான். நடுவில் நாட்டு எல்லை வருகிறது, அவ்வளவு சாதாரணமாக! பாஸ்போர்ட் மட்டும் சட்டைப் பையில் இருக்கட்டும். தாத்தா, பாட்டி, தள்ளுவண்டி மாதிரி பின்னால் கட்டிய ட்ரெய்லரில் கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக ஓட்டுகிறார்கள். வாடகை சைக்கிள் டோப்லாக்கிலும் பக்கத்து இன்னிகென்னிலும் கிடைக்கும். திரும்பி வர ரயில் இருக்கிறது. சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். போகும் முன் அந்த சீசனின் ரயில் நேரத்தைப் பையனைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள். வழியில் ஹைன்ஃபெல்ஸ் என்ற இடத்தில் வேஃபர் பிஸ்கட் ஃபேக்டரி ஒன்று வரும். குழந்தைகள் அங்கே பிரேக் போடுவார்கள். சர்க்கரைக்காரர்கள் போடக் கூடாது!

இறக்கம்தானே, காலே வலிக்காது என்று நினைத்துக் காலை பத்தரை மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினோம், முதல் தடவை. மதியத்துக்கு மேல் பிடித்தது பாருங்கள் எதிர்க்காற்று! இறக்கத்திலும் மிதிக்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, மலைப் பள்ளத்தாக்குகளின் சுபாவமே அதுதான் என்று. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, அங்கே காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து காற்று பள்ளத்தாக்கு வழியாக மேல் நோக்கி வரும். இரவிலும் விடிகாலையிலும் நேர் எதிர், மேலிருந்து கீழே. கீழ்நோக்கிப் போகிறவர் காலை எட்டுக்கெல்லாம் கிளம்பிவிட்டால் பாதி வேலை மிச்சம். எதிர்க்காற்று என்பது கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். இதயத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

டோப்லாக் என்றதும் எனக்கு ஞாபகம் வருகிறவர் குஸ்தவ் மாலர். பெரிய மேற்கத்திய இசை மேதை. நீச்சல், சைக்கிள், மலை நடை எல்லாவற்றிலும் பைத்தியமாக இருந்தவர். 1907-ல் அவருக்கு இதய வால்வில் கோளாறு என்று டாக்டர்கள் கண்டுபிடித்து, எல்லா விளையாட்டுக்கும் தடை போட்டுவிட்டார்கள். 1908, 1909, 1910 மூன்று கோடையும் டோப்லாக் பக்கத்தில் வந்து தங்கி இசையமைத்தார். மலை எதிரே நிற்கிறது, ஏற அனுமதி இல்லை. 1911-ல், 50 வயதில், வால்வில் கிருமி தொற்றி இறந்துபோனார். பென்சிலின் வர இன்னும் பல வருடம் இருந்தது. அன்றைய வைத்தியத்துக்குத் தெரிந்தது 'அசையாதே' என்ற ஒரே மருந்து. இன்றைக்கு நாங்கள் இதய நோயாளியிடம் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. எவ்வளவு, எந்த வேகம், எந்த வரிசை என்றுதான் சொல்கிறோம்.

அந்த 'வரிசை'யில்தான் விஷயமே இருக்கிறது. மலையில் நடக்கும் திடீர் இதய மரணங்களைப் பல வருடம் ஆராய்ந்தவர்கள் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகர ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் கண்டது: மலைக்கு வந்த முதல் நாள்தான் அதிக ஆபத்தான நாள். அதிலும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு லீவில் மட்டும் வீரம் காட்டுகிறவர்கள், வயதான ஆண்கள். காரணம் புரியாததல்ல. விமானக் களைப்பு, தூக்கம் கெட்ட இரவு, குறைந்த பிராணவாயு, பழக்கமில்லாத உழைப்பு எல்லாம் ஒரே நாளில் சேருகின்றன. அதனால் நான் சொல்வது: இறங்கிய முதல் நாள் சைக்கிளே வேண்டாம். டோப்லாக்கில் ஓர் ஏரி இருக்கிறது, அதைச் சுற்றி நடங்கள். மறுநாள் பள்ளத்தாக்கு. குன்று, கணவாய் எல்லாம் அதற்கப்புறம், உடம்பு அனுமதித்தால்.

சைக்கிளில் ஏறும் முன் இரண்டு நிமிஷம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக இருந்தால் சீட் உயரம் சரி. தாழ்வாக இருந்தால் சாயங்காலம் முழங்கால் சொல்லும்! கைப்பிடியில் ஒரே மாதிரி அழுத்திக்கொண்டே போனால் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும். அது நரம்பு நசுங்குவது. அடிக்கடி பிடியை மாற்றுங்கள். அங்கே வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும். பெரும்பாலான சைக்கிள்களில் இடது கை பிரேக்தான் முன் சக்கரத்துக்கு. சிலவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தாலே பிரேக் பிடித்துவிடும். தெருவுக்குப் போகும் முன் கடை வாசலிலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

வேகம்? கையில் கட்டுகிற கடிகாரம் நாடித்துடிப்பைச் சொல்கிறது என்று எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். அதைவிட நல்ல கருவி பக்கத்தில் வருகிற மனைவி. அவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, வேகம் சரி. ஒற்றை வார்த்தையில் பதில் வருகிறதா, குறையுங்கள். (கோபத்தில் ஒற்றை வார்த்தை வருவது வேறு கணக்கு!)

குன்றுகள் - பார்த்தால் பசு

ஜெர்மனியின் தெற்கில், பவேரியாவில், ஆல்ப்ஸின் அடிவாரக் குன்றுகள். பசும்புல், மணி கட்டிய மாடுகள், ஏரிகள். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் லிண்டாவில் தொடங்கி, நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை அருகே போய், கிழக்கே கோனிக்ஸ் ஏரி வரை 400 கி.மீ.க்கு மேல் ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. பெரிய மலை எதுவும் ஏறவில்லை, ஆனால் சாயங்காலம் ஆள் அடித்துப் போட்டது போல் ஆகிவிடுவார். பழைய பனியாறுகள் தள்ளிக்கொண்டு வந்து குவித்துவிட்டுப் போன மேடுகள் இவை. ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் சில இடத்தில் 10 சதவீதத்துக்கும் மேல் செங்குத்து. 'இவ்வளவுதானே' என்று ஒரே மூச்சில் ஏறத் தோன்றும். திடீரென்று துடிப்பு எகிறும், இறங்கும், மறுபடி எகிறும். ஒரு நாளில் 20 தடவை. லேசான கியருக்கு மேடு தொடங்கும் முன்பே மாறிவிடுங்கள். மாட்டேன் என்கிறதா, இறங்கித் தள்ளுங்கள். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இந்தப் பகுதிக்கு பேட்டரி சைக்கிள் வரப்பிரசாதம். ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 25 கி.மீ. வரை மோட்டார் உதவும். ஆனால் நாம் மிதித்தால்தான் அது வேலை செய்யும். ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். ஏற்றத்தின் கூர்மையை மட்டும் மழுக்கிவிடுகிறது. ஆனால் எடை அதிகம், இறக்கத்தில் ஜாக்கிரதை. தாகத்துக்கு ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்து தருவார்கள், நல்லது. 'ராட்லர்' என்று ஒன்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். அந்த வார்த்தைக்கு சைக்கிள்காரர் என்று அர்த்தம், ஆனால் உள்ளே பாதி பீர்!

கணவாய் - 30 இட்லிக் கணக்கு

நண்பர் காட்டிய ஸ்டெல்வியோ 1825-ல் திறக்கப்பட்ட ரோடு. உச்சி 2,757 மீட்டர். அடிவாரத்தில் பிராட் என்ற கிராமத்திலிருந்து சுமார் 24 கி.மீ. தூரம், 1,800 மீட்டருக்கு மேல் ஏற்றம். சராசரி ஏழரை சதவீதம், நடுவில் தட்டையாக மூச்சு வாங்க இடமே கிடையாது. வளைவுகளுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். கீழே 48, உச்சியில் 1.

ஒரு கணக்குப் போடலாம். 70 கிலோ ஆள், 12 கிலோ சைக்கிள். 82 கிலோவை 1,800 மீட்டர் தூக்க வேண்டும். தசை எரிக்கிற சக்தியில் கால்வாசி கூட மிதியாக மாறுவதில்லை. மீதியெல்லாம் சூடு, வியர்வை. ஆக, ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 1,500 கலோரி. இட்லிக்கு 50 என்று வைத்தால் 30 இட்லி! நம் ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து கடினமாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் என்ன ஆகும்? எனக்கே ஆகியிருக்கிறது. இந்த ரோட்டில்தான், பாதிக்கு மேல். பசியே தெரியவில்லை. திடீரென்று கை நடுங்கி, கண் இருட்டி, சைக்கிளை எங்கே சாய்ப்பது என்றுகூடப் புரியவில்லை. டாக்டர் என்று பெயர்தான்! மனைவி பையிலிருந்த பேரீச்சம்பழத்தை வாயில் திணித்தாள். கால் மணியில் உலகம் திரும்பி வந்தது. பசிக்கும் முன் சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன் குடிக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை வாழைப்பழமோ, நாலைந்து பேரீச்சையோ.

உச்சியில் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிர் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குளிர்காற்றில் தெரியாது, ராத்திரி மூக்கு எரியும்போது தெரியும். கீழே 25 டிகிரி இருந்தால் மேலே 13-தான். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல் விறைத்து பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகும். பந்தயக்காரர்கள் உச்சியில் நியூஸ் பேப்பரை வாங்கி சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொள்வார்கள். பத்திரிகைக்கு எத்தனை உபயோகம் பாருங்கள்! பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்காதீர்கள். ரிம் சூடாகி டயர் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும்.

உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு டாம் சிம்சன் கதை ஒன்று போதும். பிரிட்டனின் பெரிய சைக்கிள் வீரர். 1967 ஜூலை 13, டூர் த ஃபிரான்ஸ் பந்தயம். ஆல்ப்ஸின் தென்மேற்கு ஓரத்தில் புரோவான்ஸில் தனியாக நிற்கும் வாந்தூ மலை. கொளுத்தும் வெயில். உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது விழுந்தார், எழுப்பி உட்கார வைத்தார்கள், மறுபடி விழுந்தார். எழவில்லை. வயது 29. களைப்பு தெரியாமலிருக்க ஆம்ஃபிடமின் சாப்பிட்டிருந்தார், மதுவும் உள்ளே இருந்தது, உடம்பில் நீர் வற்றியிருந்தது. உடம்பு 'போதும்' என்று சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

பி.பி.க்காக மெட்டோப்ரோலால், அட்டெனோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி வேகமாகவே ஏறாது. கடிகாரம் 110 என்று சாதுவாகக் காட்டும், உள்ளே இதயம் தன் எல்லையைத் தொட்டிருக்கும். இவர்கள் கடிகாரத்தை நம்பவே கூடாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலை வெயிலில் நீரும் உப்பும் சீக்கிரம் குறையும். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓட்டும்போது மட்டுமல்ல, அன்று ராத்திரிகூட சர்க்கரை தாழலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டவே கூடாது, மாத்திரைப் பெயர் எழுதிய சீட்டு பையில் இருக்க வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டு அளவை மாற்றலாம். மருத்துவ இன்சூரன்ஸில் ஏற்கெனவே உள்ள வியாதிக்கு இடமிருக்கிறதா பாருங்கள். அவசர உதவிக்கு ஐரோப்பா முழுக்க 112.

இனி நண்பர் கதை. ஏறினால் வந்து, நின்றால் போகிற நெஞ்சு அழுத்தத்துக்கு வாயு என்று பெயரில்லை. வாயு மாடிப்படியைக் கணக்குப் பார்த்து வராது! அன்று எடுத்த ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. "பாத்தியா?" என்று மனைவியை ஜெயித்த மாதிரி பார்த்தார். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. உட்கார்ந்திருக்கும் இதயத்தைத்தான் சொல்லும் என்று விளக்கி, இதய நிபுணரிடம் அனுப்பினேன். டிரெட்மில் டெஸ்டில் நாலாவது நிமிஷம் நிறுத்திவிட்டார்கள். ஆஞ்சியோகிராமில் இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு. அந்த வாரமே ஸ்டென்ட் வைத்தார்கள். ஜூன் பயணம் ரத்து.

பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை அவர். பையனுடைய போனை எடுக்க மறுத்தாராம். அப்புறம் மெதுவாக நடக்கத் தொடங்கினார். முதலில் தெருக்கோடி, பிறகு பார்க்கைச் சுற்றி, ஆறாவது மாதம் வீட்டில் நிற்கும் சைக்கிள். மனைவியும் கூடவே மிதித்தார். மறு வருடம் மே மாதம் மறுபடி டிரெட்மில். ஒன்பது நிமிஷம், ஒரு வலியும் இல்லை. இதய நிபுணர் தலையாட்டிய பிறகு நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: முதல் நாள் ஏரி, இரண்டாம் நாள் திராவ் நதி. ஸ்டெல்வியோ என்ற வார்த்தையை எழுதவில்லை.

ஜூனில் ஒரு நாள் ராத்திரி ஏழரை மணிக்குப் போன் வந்தது. அங்கே மாலை நாலு மணி.

"லியென்ஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன் டாக்டர். ரயிலுக்கு உக்காந்திருக்கோம்."

"நெஞ்சு?"

"ஒண்ணும் இல்ல. நீங்க சொன்ன மாதிரி அரை மணிக்கு ஒரு தடவை நின்னு நின்னு வந்தேன். இவ நிக்காம எனக்கு இருபது நிமிஷம் முன்னாடியே வந்துட்டா. பிஸ்கட் ஃபேக்டரில என்னை இறங்கவே விடல."

போன் கை மாறியது.

"டாக்டர், அந்த 48 வளைவையும் பாத்துடணும்னு நச்சரிக்கறார். நாளன்னிக்கு கார்ல கூட்டிண்டு போறான் பையன். மாத்திரை டப்பா என் கைப்பையிலதான் இருக்கு. அந்த உயரத்துக்குக் கார்ல போகலாம் இல்லையா?"

போகலாம், மேலே போனதும் வேகமாக நடக்க வேண்டாம், அரை மணியில் இறங்கிவிடுங்கள் என்றேன்.